சிப்பிச் சுண்ணாம்பும் எஸ்தாக்கியும்

ஈத்தாமுனைக்காரர்கள் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது தை மாதம் மூன்றாம் ஞாயிறு, காலைப் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில். கருவாட்டு வியாபாரி பவுலீனம்மாள் கோயிலின் கடைசிப் படியில் வைக்க வேண்டிய காலை வைக்க முடியாமல் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஏனென்றால் அவள் படிக்குப் படி நின்று மூச்சு வாங்குவது ஊருக்குப் பழகிப்போன காட்சி. அவள்தான் குனிந்து பார்த்தாள். அவள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோழிக்குஞ்சு அவசரமில்லாமல் நடந்து போனது. இருபது வருடமாக ஒவ்வொரு எட்டுக்கும் சேசுவே சேசுவே என்று அவளைக் கூப்பிட வைத்த முழங்கால் வலி இருந்த இடம் தெரியவில்லை. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெயிலில் மிதந்தபடியே வீட்டுக்குப் போய், உலை வைத்தாள்.

மத்தியானத்துக்குள் பதினோரு பேர் எழும்பிவிட்டார்கள், மறுநாள் முப்பது பேர். ஊர் ஒன்றும் அலறிவிடவில்லை. சுற்றிலும் உப்பளம் இருக்க எடைக்கு என்ன பஞ்சம் என்று ஆண்கள் இடுப்பில் ஆளுக்கொரு பை உப்பைக் கட்டிக்கொண்டார்கள், பெண்கள் மடியில் முடிந்துகொண்டார்கள், பொடிசுகளின் அரைஞாணில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு தொங்கியது. பூசையில் நற்கருணை வாங்க வருகிறவர்கள் பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்க வேண்டும் என்று பங்குச்சாமி பிரசங்கத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, ஒன்பது வருடமாகச் சாரம் கட்டப் பயந்து விட்டிருந்த கோபுரத்துக்கு வெள்ளையடிக்க நாலு பேரைக் கையோடு மேலே அனுப்பினார். தேங்காய் பறிக்க ஏணி தேவைப்படவில்லை. முடிதிருத்துகிறவர் தன் நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, வருகிறவர்களைத் தன் நெஞ்சுயரத்துக்கு நிறுத்திக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது எங்க ஊர்க் காற்று அப்படி என்று சொல்லி இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினார்கள்.

காற்று அல்ல என்பது ஒருத்திக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் ரெஜினாள். கஸ்பார் ஸ்டூடியோவில் அண்ணன் கஸ்பார் படம் எடுப்பான், தங்கை ரெஜினாள் உலர்த்துவாள். கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆடாதீங்க, சிரிக்காதீங்க என்று அதட்டுகிறவனுக்குத்தான் பேரும் புகழும்; ஆனால் அந்தக் கடையில் எடுக்கிற கரிப்படத்தின் உயிர் உலர்த்துகிறவள் கையில் இருந்தது. விளக்குக் கரியையும் வச்சிரப் பசையையும் சீனியையும் காய்ச்சித் தாளில் பூச வேண்டும். அதை ஆரஞ்சு நிற உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து இருட்டறைக் கொடியில் காயவிட வேண்டும். காய்ந்த தாளைக் கண்ணாடி நெகட்டிவின் அடியில் வைத்து வெயில் காட்டி, வெள்ளைத் தாளோடு ஒட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால், வெயில் படாத கரி கரைந்தோடி, மிச்சக் கரி மூக்கும் முழியுமாக நிற்கும். அதையும் மறுபடி காயவிட வேண்டும். ஈரம் நின்றால் படம் பூசணம் பூக்கும், மெதுவாகக் காய்ந்தால் தாள் கெட்டுப்போகும், அதிகம் காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும். அந்த இருட்டறையில் ரெஜினாள் விரல் நுனியாலேயே எல்லாவற்றையும் பார்ப்பாள். முப்பத்துநாலு வயதில் அவளுடைய முகத்தைவிட அவளுடைய விரல்கள்தான் ஊருக்கு அதிகம் உழைத்திருந்தன.

தைக்கு முந்தின ஐப்பசியில் மழை விடாமல் இருபத்திரண்டு நாள் பெய்தது. கொடியில் தொங்கிய தாள்கள் வேர்த்து வழிந்தனவே தவிர காயவில்லை; சபைத் தேர்தலுக்கென்று படம் எடுத்துக்கொண்ட பெரிய மனிதர்கள் வாசலில் நின்று குடையை மடக்கி மடக்கி விரித்தார்கள். ரெஜினாள் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஆள் அனுப்பி, அப்போதுதான் சுட்டெடுத்த சிப்பிச் சுண்ணாம்பை, தண்ணீர் காட்டாமல், கூடை கூடையாக வரவழைத்தாள். கொடிக்கு அடியில் தட்டுத்தட்டாகப் பரப்பிக் கதவைச் சாத்தினாள். சுண்ணாம்பு அறையிலிருந்த ஈரத்தையெல்லாம் குடித்துப் பொரிந்து பொடிந்தது. அவள் மறுபடி பரப்பினாள், அது மறுபடி குடித்தது. இப்படிக் காய்ந்த படம் உலகத்தில் எங்கேயும் காய்ந்திருக்காது என்று கஸ்பார் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான். அது மட்டும் உண்மையாக இருந்திருக்கலாம்.

பவுலீனம்மாள் மாசி பிறந்ததும் கடைக்கு மிதந்து வந்து, வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிற படம் காய்ந்து கலகலவென்று சத்தம் போடுவதாகவும், இன்னொரு பிரதி வேண்டுமென்றும் கேட்டாள். ரெஜினாளுக்குப் பொறி தட்டியது. எழும்பியவர்கள் எல்லாரும் ஐப்பசிப் படக்காரர்கள். அவள் பவுலீனம்மாளின் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருந்த குழலின் மேல் காட்டினாள். ஆவி பட்டுப் படம் லேசாக நனைந்து மினுங்கியது; கூடத்தில் விட்டத்தோடு பேசிக்கொண்டிருந்த பவுலீனம்மாள் மெள்ள மெள்ள இறங்கி வந்து தரையில் குந்தி, முதல் காரியமாக, சேசுவே என்றாள். முழங்கால் வந்துவிட்டது. படத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அரிசிப் பானையைப் பார்க்க நொண்டி நொண்டி ஓடினாள்.

"ஏட்டி, படம் எடுத்தது நான்," என்றான் கஸ்பார். "பறக்கவிட்டது நீயா?"

விஷயம் ஊருக்குள் பரவிய அன்றே ஈத்தாமுனை புதிய ஒழுங்குக்கு வந்துவிட்டது. இறங்க வேண்டுமா, படத்தைப் புட்டுக் குழலில் காட்டு; ஏற வேண்டுமா, வறுத்த அரிசியில் புதை, இல்லையா, நீற்றாத சுண்ணாம்பில் வை. வெள்ளையடிக்கப் போகிறவனின் படம் அன்று காலை சுண்ணாம்புக்குள் போகும், சாயங்காலம் அவன் பெண்டாட்டி இட்லிச் சட்டியைத் திறந்து அவனைச் சாப்பாட்டுக்கு இறக்குவாள். சண்டை போட்ட வீடுகளில் புருசன்மார் ஓட்டில் தலை இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் படங்கள் பூட்டுக்குள் போயின. மாசி முழுவதும் அந்த ஊரில் வாயெல்லாம் பல்லாகத்தான் ஆட்கள் இருந்தார்கள். கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் முருங்கை மர உயரத்தில் மல்லாந்து கிடந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்தாக்கி மட்டும் இறங்கவில்லை.

எஸ்தாக்கி துறையில் புயல் கூண்டு ஏற்றுகிறவன். வானம் கறுத்தால் கம்பத்தில் கூண்டை ஏற்றுவான், வெளுத்தால் இறக்குவான். பேச்சு குறைவு, கல்யாணம் ஆகவில்லை, தாய் மதலேனம்மாளோடு இருந்தான். அவனும் எல்லாரையும் போலத் தை மாதம்தான் எழும்பினான், ஆனால் எல்லாரையும் போல நிற்கவில்லை. ஒரு ஆள் உயரம் போனான், ஓட்டுக்கு மேலே போனான், கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று இடுப்பில் கயிறு கட்டி அவனுடைய கூண்டுக் கம்பத்திலேயே முடிச்சுப் போட்டார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் இழுத்தவர்களும் கூடவே கிளம்பினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு அவன் ஐந்து பாகம், அதாவது ஐந்து ஆள் உயரம், மேலே போனான். முதல் கயிறு தீர்ந்து, கம்பமே பிடுங்கிக்கொண்டு வரப்பார்த்ததால் இரண்டாவது கயிற்றை முடிந்தார்கள், பிறகு நங்கூரக் கயிறு, பிறகு கோயில் கிணற்றுக் கயிறு. மதலேனம்மாள் கீழேயிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி ஏற்றுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலிச் சட்டி இறங்கி வரும், கஞ்சி நல்லாருந்துச்சு என்கிற குரல் அதற்கப்புறம் வரும்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. கம்பத்தில் ஏதாவது ஏறியிருந்தால் ஈத்தாமுனையில் கட்டுமரம் கடலில் இறங்காது. அது தாத்தன் பூட்டன் காலத்துச் சட்டம். மேலே தொங்குவது கூண்டு அல்ல, எஸ்தாக்கி என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து, கம்பத்துல ஏறியிருக்கு, எப்படிப் போறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது, மீன் கரைக்கு வந்து துள்ளியது, ஒருவரும் போகவில்லை. கிழியாத வலையையும் எடுத்து வைத்துத் தைத்தார்கள். கிணற்றுக் கயிறும் இந்த ஞாயிற்றோடு தீர்கிறது, அடுத்த ஞாயிறு முடிச்சுப் போட ஊரில் கயிறில்லை என்று சொன்னபோது கரையில் சிரிப்பு நின்றுவிட்டது.

மதலேனம்மாள் மகனுடைய படத்தை ஆவியில் காட்டினாள், ஈரத் துணியில் சுற்றினாள், கடைசியில் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டாள். மேலே ஒரு அசைவும் இல்லை. படம் ஊறிப்போனதுதான் மிச்சம். அதை ஏந்திக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து, வேறு பிரதி ஏதும் போட்டீங்களா தம்பி என்று கஸ்பாரிடம் கேட்டாள். அந்தோனியார் மேல் ஆணையாக ஒன்றுதான் என்றான் கஸ்பார். உள்ளே இருட்டறையில் நின்றுகொண்டிருந்த ரெஜினாளுக்குக் காது இரண்டும் கொதித்தன.

ஏனென்றால் இன்னொன்று இருந்தது.

ஐப்பசி மழையில் எஸ்தாக்கி சர்க்கார் காகிதத்துக்காகப் படம் எடுக்க வந்தான். காய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டான். நாலு நாள் என்றாள். நாலு நாள் கழித்து வருவான் என்று பார்த்தால், நாலு நாளும் வந்தான். குடையோடு வாசலில் நின்று, காஞ்சிருச்சா என்பான், இல்லை என்பாள், சரி என்று போய்விடுவான். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அவள் காலையிலேயே எழுந்து தலை வாரிக்கொண்டாள், மூன்றாம் நாள் அவன் வரத் தாமதமானபோது அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, நாலாம் நாள் காய்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டி வந்தபோது தன் வேலைத் திறமையை முதல்முறையாகச் சபித்தாள். அவன் படத்தை வாங்கிக்கொண்டு போனபிறகு மீதியிருந்த தாளில் அவளுக்கென்று ஒன்று போட்டாள்.

அதை அவள் வைத்த விதம்தான் வினையாகப் போயிற்று. உப்பும் கருவாடும் விளைகிற ஊரில் ஒன்றைப் பத்திரப்படுத்துவது என்றால் உலர்த்துவது என்றுதான் பொருள். பிரியம் கூடக்கூட உலர்த்தலும் கூடும். ரெஜினாள் அந்தப் படத்தைத் தகர டப்பாவில் நீற்றாத சுண்ணாம்பைப் பரப்பி அதன்மேல் வைத்தாள், சேலைகளுக்கு அடியில் மறைத்தாள், ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தரம் பார்த்துவிட்டு, பழைய சுண்ணாம்பைக் கொட்டிப் புதுச் சுண்ணாம்பு போட்டாள். தன் ஆசையினால்தான் அவன் ஐந்தைந்து பாகமாக ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தான் என்று இப்போது தெரிந்ததும், பயத்தோடு கூடவே ஒரு துளி பெருமையும் வந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைத் தாழிட்டு, படத்தை எடுத்து, ஈரத் துணியின் ஒரு நுனியால் ஒரே ஒரு தரம் தொட்டாள். துறைப் பக்கமிருந்து பெரிய கூச்சல் கேட்டது. எஸ்தாக்கி எட்டு ஆள் உயரம் ஒரே மூச்சில் விழுந்து, தொட்ட ஈரம் அவ்வளவே என்பதால் நடுவானில் தலைகீழாக நின்று தப்பினான். மதலேனம்மாள் மயங்கி விழுந்திருந்தாள். ரெஜினாள் படத்தைத் திரும்பச் சுண்ணாம்பில் வைத்தாள். அவன் மறுபடி மேலே போனான். பார்க்காமல் இறக்க முடியாது என்று ஆகிவிட்டது. அவனுக்கு நேர் கீழே நின்று, கண் அவன்மேல் இருக்க, துளித்துளியாக ஈரம் கொடுத்துத்தான் இறக்க வேண்டும், அவனுக்கு நேர் கீழேயோ ஊரே உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை முழுவதும் அவள் சாப்பிடவில்லை. சொன்னால் கடற்கரையில் நண்டு கூடச் சிரிக்கும், சொல்லாவிட்டால், நாளை சுண்ணாம்பை மாற்றினால் கயிறு தீர்ந்து அவன் போய்விடுவான், மாற்றாவிட்டால் படம் ஈரம் குடித்து அவன் விழுந்துவிடுவான். அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்பது ஒரு பக்கம். அவன் முகத்தில் முழிப்பதுதான் அதைவிடப் பெரிய பாடு. நாலு நாள் குடையோடு வந்து நின்றவன் படத்துக்காக மட்டும் வந்திருந்தால்?

ஞாயிறு பூசைக்கு அவள் போகவில்லை. பூசை முடிந்து சனமெல்லாம் துறையில் கூடி, கயிற்றின் கடைசி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரெஜினாள் தகர டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்து வந்தாள். மிதந்துகொண்டிருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள், நின்றுகொண்டிருந்தவர்கள் பிறகு பார்த்தார்கள், எல்லாரும் வழிவிட்டார்கள். கம்பத்தடியில் நின்று டப்பாவைத் திறந்து, படத்தை எடுத்து, சுண்ணாம்புத் தூளை முந்தானையால் துடைத்தாள். மேலே எஸ்தாக்கி ஒரு காக்கை அளவுக்குத் தெரிந்தான். அவள் படத்தை வாய்க்கு நேரே பிடித்து, ஹா என்று ஒரு மூச்சு விட்டாள்.

கண்ணாடியில் படிவது போலப் படத்தின்மேல் ஈரம் படிந்தது. எஸ்தாக்கி ஒரு பாகம் இறங்கினான்.

"அந்தப் படம் ஏது?" என்றான் கஸ்பார்.

"நான் போட்டுக்கிட்டேன்."

"எதுக்கு?"

மதலேனம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ரெஜினாள் அண்ணனைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"பாக்கதுக்கு."

பிறகு இரண்டாவது மூச்சு விட்டாள். மூன்றாவது விட்டாள். வெயில் படத்தை உடனுக்குடன் காயவைத்தது, அவள் உடனுக்குடன் ஊதினாள். அவன் முகத்துக்கும் அவள் உதட்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் இடைவெளி, அதுவும் பட்டப்பகலில், பங்குச்சாமிக்கு முன்னால், சபைப் பெரியவர்களுக்கு முன்னால். முதலில் யாரோ ஒரு கிழவி எண்ணத் தொடங்கினாள், பிறகு பெண்கள் எல்லாரும் எண்ணினார்கள், செபமாலைக்குப் பதில் சொல்கிற ராகத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கு, இறங்கு என்று ஊரே சொல்லத் தொடங்கியது; மிதந்தவர்கள் மேலேயிருந்து இன்னும் எத்தனை பாகம் என்று கூவினார்கள், பவுலீனம்மாள் கை தட்டித் தட்டித் தானே ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டாள், கோயில் கிணற்றுக் கயிறு சுருண்டது, நங்கூரக் கயிறு சுருண்டது. ஊதி ஊதி ரெஜினாளுக்குத் தலை கிறுகிறுத்தது, கடல் சாய்ந்தது, கோபுரம் ஆடியது, கண் மட்டும் அவனை விடவில்லை. அறுபதாவது மூச்சில் அவன் மூக்கு தெரிந்தது. எண்பதாவது மூச்சில் அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது. எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை.

அவன் கம்பத்தின் உச்சிக்குக் கீழே வந்த நொடியில் கரையில் யாரோ, கம்பம் காலி என்று கத்தினார்கள். அவ்வளவுதான். இத்தனை நாளாகக் குந்தியிருந்த ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், வள்ளங்கள் மணலில் சரிந்தன, பெண்கள் கூடையைத் தேடி ஓடினார்கள், பங்குச்சாமி ஓடி ஓடித் தீர்த்தம் தெளித்து எல்லாவற்றையும் மந்திரித்தார். கஸ்பார் தங்கையை ஒரு தரம், இறங்கி வருகிறவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, கேமராவை எடுத்து வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான். கம்பத்தடியில் அவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

எஸ்தாக்கியின் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. உதடு வெடித்துத் தோல் கறுத்திருந்தான். அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சுக்காக நெஞ்சை நிரப்பினாள்.

"நிறுத்துங்க," என்றான்.

"இன்னும் நாலு விரல்கடை இருக்கு. கால் தரையில படல."

"இருக்கட்டும்." அவன் டப்பாவைப் பார்த்தான், உள்ளே வெள்ளையாகக் கிடந்த சுண்ணாம்பைப் பார்த்தான். "இதை எங்க வச்சிருந்த?"

"பெட்டியில. சேலைக்கு அடியில."

அவன் படத்தை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் மூச்சின் ஈரம் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் திரும்ப அவள் கையிலேயே கொடுத்தான்.

"அங்கேயே வை," என்றான். "சுண்ணாம்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்க."